அட்டையில் எழுதிய வாட்டும் வாளியில் கிடைக்கும் வாட்டும்

மார்கழி, தை மாதங்களில் உதகையில் விடியற்காலைக் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது. புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் அந்த நேரத்தில்தான் பல வீடுகளில் வாளிக்குள் தண்ணீரைச் சூடாக்கும் மின் ராடு தொங்கும். அதே நேரத்தில்தான் விளக்குகள் மங்கி, ‘லோ வோல்டேஜ்’ என்ற சலிப்பும் எழும். வழக்கமாகக் கால் மணி நேரத்துக்குள் சூடாகிவிடும் வாளித் தண்ணீர், அன்று மட்டும் ஏன் இருபது நிமிடம் தாண்டியும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது? பள்ளியில் படித்து மறந்த இரண்டு சமன்பாடுகளே இதற்கு விடை சொல்லிவிடும்.

முதலாவது, ஜெர்மானிய அறிஞர் கியோர்க் ஓம் 1827இல் வெளியிட்டது: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இரண்டாவது, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும் என்பது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட். இந்தப் பெருக்கலுக்கு நீலகிரியிலேயே நல்ல உவமை உண்டு. 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டத்தில், மேட்டிலிருந்து சிங்காரா மின் நிலையத்துக்குத் தண்ணீர் 900 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து குழாய்களில் இறங்குகிறது. நொடிக்கு 1 லிட்டர் நீர் 900 மீட்டர் இறங்கினாலே ஏறத்தாழ 8,800 வாட் திறன் அதில் அடங்கியிருக்கும். உயரத்தை மின்னழுத்தமாகவும், நொடிக்கு ஓடும் நீரின் அளவை மின்னோட்டமாகவும் கொண்டால், திறன் இரண்டின் பெருக்கல் என்பது எளிதில் விளங்கும்.

இனி ராடுக்கு வருவோம். அதன் அட்டையில் 230 வோல்ட், 1,500 வாட் என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 1,500ஐ 230ஆல் வகுத்தால் மின்னோட்டம் 6.52 ஆம்பியர், 230ஐ அந்த 6.52ஆல் வகுத்தால் மின்தடை 35.3 ஓம். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். 1,500 வாட் என்பது ராடின் குணம் அன்று, 35.3 ஓம் என்பதே அதன் குணம். முழு 230 வோல்ட் வந்தால்தான் 1,500 வாட் தருவேன் என்பது மட்டுமே அந்த அட்டையின் வாக்குறுதி.

விடியற்காலையில் மின்னழுத்தம் 180 வோல்ட்டாக இறங்கிவிட்டால், 35.3 ஓம் வழியே 5.1 ஆம்பியர்தான் ஓடும், 180ஐ 5.1ஆல் பெருக்கினால் 918 வாட். மின்னழுத்தம் குறைந்தது 22 விழுக்காடு, திறன் குறைந்ததோ 39 விழுக்காடு. அழுத்தம் குறையும்போது ஓட்டமும் உடன் குறைவதாலும், திறன் இரண்டையும் பெருக்கி வருவதாலும், இழப்பு இரட்டிப்பாகத் தெரிகிறது. 10 லிட்டர் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 12.6 லட்சம் ஜூல் ஆற்றல் தேவை. 1,500 வாட்டில் அதற்கு 14 நிமிடம். 918 வாட்டில் 23 நிமிடம். ஆனால் மின் கட்டணத்தில் பெரிய மாற்றம் இராது: இரு நாளும் செலவாவது 0.35 யூனிட்தான். தாமதத்தால் காற்றில் வீணாகும் சிறிது வெப்பத்தைத் தவிர, நாம் இழப்பது நேரத்தை மட்டுமே.

இந்தக் கணக்கு ராடுக்கும் ரூம் ஹீட்டருக்கும் இவ்வளவு சுத்தமாகப் பொருந்துவதற்குக் காரணம் அவற்றிலுள்ள நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலப்புலோகம்) கம்பி; சூடேறினாலும் அதன் மின்தடை சிறிதளவே மாறும். பழைய குண்டு பல்பு அப்படியல்ல. 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம். அணைத்து ஆறவிட்டு மல்டிமீட்டரால் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் இலையை வாட்டும் காற்றாடிகளின் மோட்டார்களோ இன்னொரு ரகம்: சுமையுடன் ஓடும்போது மின்னழுத்தம் குறைந்தால் அவை குறைவாக அல்ல, கூடுதலாகவே மின்னோட்டத்தை இழுக்கும். லோ வோல்டேஜில் ராடு சோம்புகிறது, மோட்டார் கருகுகிறது. மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மட்டும் போதாது, திறன் காரணியாலும் (இழுக்கும் மின்னோட்டத்தில் எவ்வளவு பங்கு உண்மையான வேலைக்குப் பயன்படுகிறது என்பதைக் காட்டும் எண்) பெருக்கியாக வேண்டும். அந்தக் காரணி 0.8 என்றால், 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரின் திறன் 1,150 வாட் அன்று, 920 வாட்.

மின்னோட்டத்தை அளக்க, கம்பியை வளையத்தால் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரே பாதுகாப்பானது. இரு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்தால், போகும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள மீட்டர் சுழியம் காட்டும். ஒரு கம்பியை மட்டுமே அதன் வளையத்துக்குள் விட வேண்டும். உறையிட்ட கம்பியைப் பிரிப்பதையும் எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது.

சுருள் அடுப்பில் அறுந்த கம்பியை முறுக்கி இணைப்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. 1,000 வாட் சுருளின் மின்தடை 52.9 ஓம், இணைப்பில் பத்தில் ஒரு பங்கு நீளம் போனால் 47.6 ஓம் ஆகி, அது 1,111 வாட் எரியத் தொடங்கும். ‘ரிப்பேர் செய்தபின் நன்றாகச் சூடாகிறது’ என்ற மகிழ்ச்சியின் பின்னணி இதுதான். அந்தச் சுருள் மீண்டும் விரைவில் அறுவதன் காரணமும் இதுதான்.

மின்தடை ராடுக்கு மட்டும் உரியதன்று. கொல்லைப்புறக் குளியலறைக்கு 30 மீட்டர் தூரம் 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்தால், போக வர 60 மீட்டருக்கு 1 ஓம் அளவு சேர்கிறது, அங்கே மாட்டிய அதே 1,500 வாட் ராடின் மின்னோட்டம் 6.3 ஆம்பியராகக் குறைந்து, ஏறத்தாழ 40 வாட் வழியிலேயே வெப்பமாகிறது. நீளமான கம்பியில் பரவிவிடுவதால் அது நமக்கு உறைப்பதில்லை. தளர்ந்த பிளக் பாயிண்டில் முனைகள் சரியாகத் தொடாததால் எழும் தொடுதடை அரை ஓம் இருந்தாலோ, 20 வாட் வெப்பம் விரல்நுனி அளவு இடத்திலேயே குவியும். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றின் திறனுக்கு ஏறத்தாழச் சமம் அது. பிளக்கின் பித்தளை முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகுவது அதனால்தான்.