50 கிலோ மூட்டையை விரலால் தள்ளும் கருவி

50 கிலோ உப்பு மூட்டையைத் தாங்கிப் பிடிக்கச் சுமார் 490 நியூட்டன் விசை வேண்டும். வாலிநோக்கம் உப்பளத்தில் லாரி ஏற்றும் லோடுமேனுக்கு இந்த விசையை அவர் முதுகெலும்புதான் தாங்குகிறது. சுமை தூக்க உதவும் ரோபோவில் அந்தப் பங்கு மோட்டாருடையது. மூட்டை எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பதைச் சொல்வது மட்டும் மனிதக் கை.

தூண், அதில் சுழலும் கை, கம்பிவடத்தைச் சுருட்டும் செர்வோ மோட்டார் (கணினி சொல்லும் அளவுக்குத் துல்லியமாகச் சுழலும் மோட்டார்), கொக்கிக்கு மேல் ஒரு லோட்செல், அதாவது தொங்கும் எடையை அளக்கும் உணரி. அவ்வளவுதான் கருவி. மூட்டையைத் தரையிலிருந்து சற்றே தூக்கிப் பொத்தானை அழுத்தினால், அப்போதைய எடையைக் கணினி குறித்துக்கொண்டு அதே விசையை மேல்நோக்கித் தந்தபடி இருக்கும். மூட்டை மிதக்கும். லேசாக மேலே தள்ளினால் லோட்செல்லில் எடை குறைந்து தெரியும். மோட்டார் அந்தத் திசையிலேயே இழுக்கும்.

சிக்கலும் இங்கேதான். ஐஸ் போட்ட மீன் பெட்டியைப் பாம்பனில் இப்படித் தொங்கவிட்டால், உருகிய நீர் வடிய வடிய எடை குறையும். யாரோ தூக்குவதாக நினைத்துப் பெட்டி தானாக மேலேறும்! சாக்கு கிழிந்து உப்பு கொட்டினால் இன்னும் மோசம், கொக்கி விருட்டென்று எகிறும். அதனால் கைப்பிடிக்குத் தனி உணரி வைத்து, கையின் விசையைச் சுமையின் எடையோடு கலக்காமல் அளப்பதே சரி. எடை சட்டென விழுந்தால் பிரேக் பிடிக்கவும் வேண்டும்.

எடைதான் போகும், நிலைமம் (நகரவும் நிற்கவும் பொருள் காட்டும் எதிர்ப்பு) போகாது. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் 50 கிலோவை 0.2 நொடியில் நிறுத்த 250 நியூட்டன் தேவை. மிதக்கிற மூட்டைதானே என்று லாரிப் பலகைக்கும் அதற்கும் நடுவில் நிற்பது விலா எலும்புக்கு ஆபத்து.

கைப்பிடியைத் தள்ளும் கைக்கு மட்டும் கணினி நிலைமத்தையும் குறைத்துக் காட்டும். கைப்பிடியில் வரும் விசைக்கு 5 கிலோப் பொருள் எப்படி நகருமோ அப்படியே மூட்டையை நகர்த்தும். 1 கிலோ என்று அமைத்தால் கைப்பிடி நடுங்கும். உணரி படிப்பதற்கும் மோட்டார் திரும்புவதற்கும் இடையில் சிறு தாமதம் உண்டு. இறுக்கிப் பிடித்த கை ஸ்பிரிங் மாதிரி எதிர்க்க, மோட்டார் அளவுக்கு மீறித் திருத்தும். கொஞ்சம் கனமாகவே வைப்பது நல்லது.

இந்தக் கரையில் முதலில் கெடுவது லோட்செல் இணைப்பு. உப்பு ஈரம் புகுந்து மின்சாரம் கசிந்தால் சுழி, அதாவது சுமை இல்லாதபோது காட்ட வேண்டிய பூஜ்ஜியம், நகரும். யாரும் தொடாமலே கொக்கி மெல்ல ஏறும் அல்லது இறங்கும். வெல்டிங்கால் மூடிய 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு லோட்செல் வாங்குங்கள். தினமும் காலையில் வெறும் கொக்கியில் சுழியைப் பார்த்து, பிறகு 20 கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். மணலில் தூணை நடக் கூடாது: 2 மீட்டர் நீட்டிய கையில் 50 கிலோ தொங்கினால் அடியில் 980 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை விழும். கான்கிரீட் அடித்தளம் வேண்டும். கரண்ட் போனால் ஸ்பிரிங்கால் தானே இறுகும் பிரேக் இல்லாத கருவியை வாங்கவே வேண்டாம்.