கருப்பை வேற, சூலகம் வேற

சித்திய கூட்டிட்டு கும்பகோணத்துல ஒரு க்ளினிக்குக்குப் போயிருந்தேன், சுவத்துல ஒரு நோட்டீஸ், "கருப்பை ஹார்மோன்கள் இதயத் தசையைப் பாதுகாக்கின்றன"ன்னு. இந்தக் கருப்பை ஹார்மோன எத்தனையோ எடத்துல பாத்துட்டு பல்லக் கடிச்சுக்கிட்டுப் போயிருக்கேன். அன்னைக்கு விட முடியல, ஏன்னா சித்தி அதப் படிச்சுட்டு "எனக்குத்தான் போன வருஷமே கர்ப்பப்பைய எடுத்துட்டாங்களேடா, அப்ப நெஞ்சுக்குக் காவலே இல்லியா"ன்னு கேட்டாங்க. 44 வயசு அவங்களுக்கு.

கருப்பை புள்ள வளர்ற எடம். பொம்பளைங்க ஹார்மோனான எஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் முக்கியமா சுரக்குறது அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்குற ஓவரில. லத்தீன்ல ஓவம்னா முட்டை, அதுலேருந்து வந்த பேரு, அவ்ளோதான். இங்க என்னடான்னா நீர்க்கட்டியக் கூட "கர்ப்பப்பையில கட்டி"ன்னே சொல்லிப் பழகிட்டோம், அது இருக்குறதும் ஓவரிலதான்.

சரி, ஓவரிக்குத் தமிழ்ல என்ன? டாக்டருங்க சினைப்பைங்கிறாங்க. நம்ம பக்கம் மாடு சினையா இருக்கும், கெண்டை வயித்துல சினை இருக்கும், பொம்பளைய யாராவது சினைன்னு சொல்வாங்களா, சொன்னா வெளக்கமாறு வரும். பாடப்புத்தகத்துல அண்டகம். அண்டம்னா முட்டைதான், வடமொழி, ஆனா நம்ம ஆளு காதுல விழுந்ததும் பேரண்டம், நட்சத்திரம்னு எங்கயோ போயிடுவான். அதுக்கு சூலகம் எவ்ளோ தேவல! கார்த்திகை மார்கழில சம்பா சூல் கட்டி நிக்குதுன்னு சொல்ற ஊரு, ஆடிப்பெருக்குக்கு காவேரிக்கு மசக்கைன்னு சித்ரான்னம் படைக்கிற ஊரு, இங்க சூல்ங்கிற சொல்லு புரியாதா? திருமுருகாற்றுப்படையில மேகத்தையே கமஞ்சூல்னு, அதாவது நெறஞ்ச சூல்னு சொல்லியிருக்கு. தாவரப் பாடத்துல பூவோட பெண் உறுப்பு மொத்தத்துக்கும் சூலகம்னு வச்சிருக்காங்களே, கொழப்பாதான்னு கேப்பீங்க. பூவுக்கு யாரும் ஸ்கேன் எடுக்கப் போறதில்ல, விடுங்க.

ஆக அந்த வரி "சூலக ஹார்மோன்கள்"னு இருந்திருக்கணும். ஹார்மோனுக்குப் பதிலா இயக்குநீர்னு போட்டாலும் சந்தோஷம், அதுக்காக நான் சண்ட போட மாட்டேன். விஷயம் என்னன்னா, இதயத் தசை செல்லுலயே எஸ்ட்ரோஜன் வந்து ஒட்டுற ஏற்பிகள் இருக்கு, ஆல்ஃபா, பீட்டான்னு ரெண்டு வகை. அது வழியா செல்லுக்குள்ள கால்சியம் போக்குவரத்துலயும் செல்லுக்கு சக்தி குடுக்குற மைட்டோகாண்ட்ரியா வேலையிலயும் கை வைக்கும். சூலகத்த எடுத்த எலிகளுக்கு எஸ்ட்ரோஜன் குடுத்தா, இதயத்துக்கு வேலைப் பாரம் கூடுறப்ப அதோட தசை தடிச்சுப் போறது கொறையுதுன்னு பாத்திருக்காங்க. "பாதுகாக்கின்றன"ன்னு அடிச்சு விடுறதும் தப்புதான், மாதவிடாய் நின்னவங்களுக்கு ஹார்மோன் மாத்திரை குடுத்தா நெஞ்சுக்கு நல்லதுன்னு நெனச்சு அமெரிக்காவுல 16,000 பேருக்கு மேல வச்சு நடத்துன ஆய்வ, நல்லதவிட கெடுதல் கூடன்னு 2002ல பாதியிலயே நிறுத்துனாங்க. மொழிபெயர்க்குறவங்க இதெல்லாம் படிக்க வேணாம், ஒடம்பு படத்த ஒருதரம் பாத்தா போதும், அதுக்குக் கூட நேரம் இல்லபோல.

வீட்டுக்கு வந்து சித்தியோட டிஸ்சார்ஜ் ஷீட்ட எடுத்துப் பாத்தேன். எடுத்தது கருப்பை மட்டும், ரெண்டு ஓவரியும் அப்படியே விட்டிருக்காங்க. கருப்பை போனவங்களுக்கு சூலகம் கொஞ்சம் முன்கூட்டியே ஓயலாம், ஆனா எடுத்த அன்னைக்கே ஹார்மோன் நின்னுடாது. சொன்னேன். சித்தி கண்ணாடியப் போட்டு அந்த வரிய ரெண்டு தரம் பாத்துட்டு, "அத அந்தச் சுவத்துல எழுதி ஒட்டுனா என்னவாம்"னாங்க.