.22 தோட்டாவின் காலி உறை ஏன் குப்பைக்குப் போகிறது?

"அமெரிக்காவில் தோட்டாத் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் பலரும் சுட்ட உறையையே வீட்டில் மறுபடி நிரப்பிக்கொள்கிறார்களாமே? அப்படியிருக்க, 2013-இல் .22 தோட்டாவுக்கு மட்டும் ஏன் அத்தனை அலைச்சல்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நிரப்பும் முறையை இங்கே சொல்லப்போவதில்லை. அவர் கேள்விக்குள் அருமையான உலோகவியல் ஒளிந்திருக்கிறது, அதைப் பார்ப்போம்.

.22 (0.22 அங்குல விட்டமுள்ள சின்ன ரகம்) பற்றிய பாதிக்குப் பதில் எளிது. தோட்டா என்பது உறை, மருந்து, குண்டு, தீமூட்டும் பிரைமர் ஆகிய நான்கும் சேர்ந்தது. பெரிய ரகங்களில் பிரைமர் அடிப்பாகத்தின் நடுவே தனிக் கிண்ணமாக உட்கார்ந்திருக்கும். சுட்டபின் அதைக் கழற்றி வேறொன்று பொருத்தலாம். .22-இல் தனிப் பிரைமரே கிடையாது. தீமூட்டும் கலவை உறையின் மடித்த விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் தீ மூட்டுகிறது. காலி உறையைக் கையில் எடுத்துப் பார்த்தால் விளிம்பில் அந்தப் பள்ளம் தெரியும். ஒருமுறை நசுங்கினால் அதன் கதை முடிந்தது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. மற்ற உறைகள் மட்டும் எப்படி மறுபடி உதவுகின்றன?

மருந்து எரியும்போது ரைஃபிளுக்குள் அழுத்தம் ஏறத்தாழ 4,000 வளிமண்டலம் வரை போகும். மெல்லிய பித்தளை உறை அதைத் தனியாகத் தாங்காது. விரிந்துபோய்ச் சுற்றியுள்ள எஃகு அறையின் சுவரில் அப்பிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் கசியாமல் அடைப்பதும் இந்த அப்பல்தான். எஃகுச் சுவரும் மயிரிழை அளவு விரிந்து, அழுத்தம் இறங்கியதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அப்போது உறை அதைவிடக் கூடுதலாகச் சுருங்க வேண்டும். இல்லாவிட்டால் இறுகிப்போய் வெளியே வராது.

எவ்வளவு சுருங்கும் என்பதற்குப் பள்ளிக் கணக்கே போதும்: உலோகம் நிரந்தரமாக நெளியத் தொடங்கும் தகைவை (ஓரலகு பரப்பில் ஏறும் விசையை) யங் குணகத்தால் (விறைப்பைக் குறிக்கும் எண்ணால்) வகுக்க வேண்டும். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் கலந்த பித்தளையை நன்றாக அடித்து இறுக்கினால் சுமார் 0.4 சதவீதம் வருகிறது. 12 மில்லிமீட்டர் விட்டத்துக்கு அது 0.05 மில்லிமீட்டர். அவ்வளவு இடைவெளி போதும், உறை வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சாதாரண மென் எஃகில் இந்த எண் சுமார் 0.12 சதவீதம்தான். விறைப்பில் எஃகு பெரியதுதான். ஆனால் இந்த வேலைக்கு வேண்டியது வலிமைக்கும் விறைப்புக்கும் உள்ள விகிதம்.

அந்த இறுக்கம் எங்கிருந்து வருகிறது? ஒரு செம்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். வளைக்க வளைக்க முரண்டு பிடிக்கும், கடைசியில் ஒடியும். படிக அடுக்குகளிலுள்ள பிறழ்வுகள் (அணு வரிசை பிசகிய இடங்கள்) பெருகி, ஒன்றையொன்று நகரவிடாமல் சிக்கிக்கொள்வதே காரணம். உறைக்கும் இதே விதிதான். ஒவ்வொரு முறை விரிந்து, திரும்ப அளவுக்கு அழுத்தப்படும்போதும் அதன் கழுத்து (குண்டைப் பிடித்திருக்கும் முனை) இறுகிக்கொண்டே போய் ஒருநாள் கீறல் விடும். சூடேற்றினால் கழுத்து மறுபடி இளகும். அந்தச் சூடு அடிப்பாகத்துக்கு இறங்கினால் ஆபத்து: சுற்றிலும் தாங்க எஃகுச் சுவர் முழுதாக இல்லாத இடம் அது, இறுகியே இருந்தாக வேண்டும். அதாவது ஒரே உறையில் கழுத்து மென்மை, அடி கடினம். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தருகே தெரியும் நீலம் கலந்த பழுப்புப் பட்டை, ஆலையில் காட்டிய அந்தச் சூட்டின் தடம்.

இந்த இறுக்கத்துக்கு ஒரு பழைய வினையும் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள், யாரும் தொடாமலேயே விரிசல் கண்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து, உலோகத்துக்குள் தேங்கியிருந்த தகைவோடு கைகோத்ததுதான் காரணம் என்பது 1921-இல் தெளிவாயிற்று. லாயத்து நாற்றத்தை ஆராய்கிறேன் என்று யாராவது இன்று நிதி கேட்டால் சிரித்து அனுப்பிவிடுவார்கள் என்பது என் சந்தேகம். அணுஉலைக் குழாய் முதல் பாலத்துக் கம்பி வரை மிரட்டும் தகைவரிப்பு விரிசலும் இதே இனம்தான். பித்தளைக்குப் பரிகாரம் மிதமான சூடு: இறுக்கத்தைக் குலைக்காமல் தகைவை மட்டும் தணித்துவிடும். தணிந்ததா என்று அறிய ஒரு பழைய சோதனை உண்டு. மெர்குரஸ் நைட்ரேட் கரைசலில் பொருளை முக்கி எடுப்பார்கள். உள்ளே தகைவு மிச்சமிருந்தால் சற்று நேரத்திலேயே விரிசல் விட்டுக் காட்டிவிடும்.