ஈரக்காற்றில் ஒரு சிறிய டாங்கி: சாயமும் சேறும் வேலை செய்யும் விதம்

இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவுக்குள் நுழைந்த ஜப்பானிய டைப் 97 டாங்கி ஏறத்தாழ 15 டன் எடையும் ஐந்தரை மீட்டர் நீளமும் கொண்டது. அதையே 1/35 அளவில் பிளாஸ்டிக்கில் வார்த்தால் 16 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். (உலகெங்கும் நிலைத்துவிட்ட இந்த விகிதம், 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் மோட்டாருடன் ஓடும் பாந்தர் டாங்கி ஒன்றை வடிவமைத்தபோது, உள்ளே பேட்டரிகள் அடங்க வேண்டும் என்பதற்காக அமைந்த அளவு.) அச்சு செய்கிறவர் உருவத்தை எந்த விகிதத்துக்கும் சுருக்கலாம். ஆனால் சாயப் படலத்தின் தடிப்பு, திரவத்தின் பரப்பு இழுவிசை, காற்றின் ஈரம், அறையின் வெளிச்சம் ஆகியவை அந்த விகிதத்துக்குக் கட்டுப்படுவதில்லை. மாதிரி டாங்கிக்கு வண்ணம் பூசி, அதை வெயிலும் மழையும் பட்டு உழைத்த வண்டியாகக் காட்டும் நுட்பங்களில் பெரும்பாலானவை இந்தப் பொருத்தமின்மையைச் சரிக்கட்டப் பிறந்தவையே.

தடிப்பிலிருந்து தொடங்கலாம். காற்றால் சாயத்தைத் தெளிக்கும் பேனா போன்ற கருவியான ஏர்பிரஷ் கொண்டு அளவோடு பூசிய சாயம் காய்ந்தபின் 20 முதல் 30 மைக்ரோமீட்டர் தடிப்பில் இருக்கும். இதை 35ஆல் பெருக்கினால் உண்மையான டாங்கியின் மேல் ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்குச் சாயம் அப்பியதற்குச் சமம். தூரிகையால் இரண்டு மூன்று முறை பூசினால் அந்தக் கணக்கு மூன்று மில்லிமீட்டரைத் தொடும். வெல்டிங் தழும்புகளும் ஆணித்தலைகளும் மழுங்கிப்போவது அதனால்தான். ஏர்பிரஷ் இந்தச் சிக்கலை எளிய முறையில் குறைக்கிறது. ஊசிமுனையைச் சுற்றி வேகமாகப் பாயும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைக்கிறது. அந்தக் குறைந்த அழுத்தம் கிண்ணத்திலுள்ள சாயத்தை வெளியே இழுக்கிறது. வெளிவந்த சாயத்தைக் காற்றே நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. 15 முதல் 20 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் பொதுவாகப் போதும். துளிகள் ஈரமாகவே பரப்பில் விழுந்து ஒன்றோடொன்று கலந்து சமமாக வேண்டும். கையைத் தொலைவில் வைத்தால் அவை வழியிலேயே காய்ந்து, பரப்பு சொரசொரப்பாகிவிடும்.

கோலாலம்பூரில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு கவலை உண்டு: காற்றின் ஈரம். வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸும் ஈரப்பதம் 80 விழுக்காடுமாக இருக்கும் ஒரு நாளில், பனிநிலை ஏறத்தாழ 26 டிகிரியாக இருக்கும். அதாவது எந்தப் பரப்பும் வெறும் நான்கு டிகிரி குளிர்ந்தாலே அதன்மேல் நீர் படியத் தொடங்கும். லாக்கர் என்ற வகைச் சாயத்தைக் கரைக்கும், வேகமாகக் காயும் தின்னர், ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தை எடுத்துச் செல்வதால், இந்த நான்கு டிகிரியை எளிதில் குறைத்துவிடும். காயாத படலத்தில் நீர் நுண்துளிகளாகச் சிக்கிக்கொள்ள, ஆலிவ் பச்சையின்மேல் சாம்பல் பூத்தது போன்ற ஒரு வெண்மை படரும். குளிர்சாதன அறையில் வைத்திருந்த மாதிரியைத் தெளிப்பதற்காக மாடத்துக்குக் கொண்டுபோகும்போதும் இதுவே நேரும்: 22 டிகிரியில் குளிர்ந்த பிளாஸ்டிக், வெளிக்காற்றைத் தொட்டதும் வியர்த்துவிடும். கால் மணி நேரமாவது அதை வெளியே வைத்து, வெப்பநிலை சமமான பிறகே தெளிக்க வேண்டும். நாளின் நேரமும் முக்கியம். விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். நண்பகலுக்குப் பின், மாலை மழைக்கு முன், அது கணிசமாக இறங்கும். லாக்கர் தெளிக்க நான் எப்போதும் பரிந்துரைப்பது அந்த இடைவெளியைத்தான்.

ஏர்பிரஷுக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரிலும் இந்த ஈரமே வேறு வழியில் தலைகாட்டுகிறது. மேலே சொன்ன காற்றின் ஒவ்வொரு கனமீட்டரிலும் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கிறது. அதன் கன அளவை நான்கில் ஒரு பங்காக அழுத்தினால், ஒரு கனமீட்டருக்கு 96 கிராம் என்றாகும். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் தாங்கக்கூடியது 30 கிராம்தான். அழுத்தத்தால் சூடேறிய காற்று குழாயில் ஆறும்போது, மிஞ்சியது, அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, நீராகிவிடுகிறது. குழாயில் இந்த நீரைப் பிடித்து வைக்கும் நீர்ப்பொறி பொருத்தாவிட்டால், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் தெளிப்பின் நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் டாங்கியின் மேல் துப்பப்படும். குளிர்நாடுகளின் கையேடுகள் விருப்பப்பொருளாகக் குறிப்பிடும் இந்தச் சிறு கண்ணாடிக் கிண்ணம் நமக்குக் கட்டாயத் தேவை.

சாயங்கள் காயும் விதம் ஒன்றல்ல. லாக்கரில் கரைப்பான் ஆவியாகிப் போனால் வேலை முடிந்தது; அதே கரைப்பானை மீண்டும் தொட்டால் படலம் மறுபடி கரையும். நீர் கலந்த அக்ரிலிக்கில், நீர் போகப் போகப் பாலிமர்த் துகள்கள் நெருங்கி ஒன்றாக இணைகின்றன; காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் இந்த நீர் மெதுவாகத்தான் போகும். எனாமலும் எண்ணெய்ச் சாயமும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுபவை. ஒயிட் ஸ்பிரிட் போன்ற பெட்ரோலியக் கரைப்பான் ஆவியாகும் வேகத்தைக் காற்றின் ஈரம் பெரிதாகப் பாதிப்பதில்லை. நம் ஊரில் எண்ணெய்ச் சாய நுட்பங்கள் சிரமமின்றிக் கைகூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். லாக்கரோ அக்ரிலிக்கோ அடியில், எனாமலும் எண்ணெயும் மேலே என்ற வரிசையும் இங்கிருந்துதான் வருகிறது: ஒயிட் ஸ்பிரிட் கீழேயுள்ள நன்கு காய்ந்த படலத்தைக் கரைக்காது, ஆகவே மேலே செய்ததைப் பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு மீண்டும் செய்யலாம்.

அடிநிறத்தைக் கலக்கும்போது பலர் அதில் சிறிது வெள்ளை கலப்பதுண்டு. தொலைவிலுள்ள பொருள் வெளிறித் தோன்றும், காற்றுத்திரையே அதற்குக் காரணம், ஆகவே மாதிரியையும் வெளிறச் செய்ய வேண்டும் என்பார்கள். இந்த விளக்கம் சரியென்று எனக்குத் தோன்றவில்லை. 1/35 மாதிரியை 40 சென்டிமீட்டர் தொலைவில் பார்ப்பது, உண்மையான டாங்கியை 14 மீட்டர் தொலைவில் பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு குறுகிய தூரத்தில் காற்று எந்த நிறத்தையும் வெளிறச் செய்யாது. உண்மைக் காரணம் வெளிச்சத்தில் இருக்கிறது. நேர்வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). வீட்டுக் கூடத்தின் விளக்கொளி சில நூறு லக்ஸ். ஒளி குறையும்போது நம் கண்ணுக்கு நிறங்கள் மங்கியும் இருண்டும் தோன்றும். வெயிலில் பார்த்துப் பழகிய பச்சையைக் கூடத்தில் காண வேண்டுமானால், அதைச் சற்று வெளுப்பாகவும் செறிவாகவும் கலக்க வேண்டும். வெள்ளையை மட்டும் கொட்டினால் செறிவு போய்விடும். மஞ்சளும் சேர்த்தால் பச்சை உயிர் பெறும்.

கூடத்தின் வெளிச்சம் நிழலையும் பறித்துவிடுகிறது. வெயில் ஒரே திசையிலிருந்து வருவதால் ஒவ்வொரு ஆணித்தலையும் கூர்மையான நிழல் விழுத்தும். அறையிலோ விளக்கும் வெள்ளைச் சுவரும் கூரையும் சேர்ந்து எல்லாப் பக்கமிருந்தும் ஒளியை வீசுகின்றன. வாஷ் என்ற நுட்பம் இழந்த நிழலைத் திரும்பக் கொடுக்கிறது: அடர்பழுப்பு எண்ணெய்ச் சாயத்தை ஒயிட் ஸ்பிரிட்டில் மிகவும் நீர்க்கக் கரைத்து, மெல்லிய தூரிகையின் நுனியால் ஒரு மூலையைத் தொட்டால் போதும், திரவம் தானாகவே விளிம்பு நெடுக ஓடிப்போவதைக் கண்ணால் பார்க்கலாம். செங்குத்தான பக்கச் சுவரில் மேல்நோக்கிக்கூட அது ஏறும். இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவான இடுக்குகளில் இத்தகைய திரவத்தின் பரப்பு இழுவிசை, புவியீர்ப்பை வென்றுவிடும். 1/35 டாங்கியின் கோடுகளும் மூலைகளும் அதைவிட மிகச் சிறியவை. நீரின் பரப்பு இழுவிசை ஒயிட் ஸ்பிரிட்டினுடையதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதனால் வெறும் நீரில் கரைத்த வாஷ் பிளாஸ்டிக்கின் மேல் முத்துமுத்தாக நின்றுவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி விட்டால்தான் படியும். மங்கலான பரப்பின் நுண்குழிகள் வாஷை அங்கங்கே உறிஞ்சிக் கறையாக்கும் என்பதால், முன்னதாகப் பளபளப்பு வார்னிஷ் பூசுவது வழக்கம்.

வாஷ் தேங்கிய இடத்தில் காய்ந்தபின் ஒரு வளையம் தெரிவதுண்டு. சிந்திய காப்பி காயும்போது ஓரத்தில் கருங்கோடு விழுவதும் இதே விளைவுதான்; சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் இதன் காரணத்தை விளக்கினார்கள். துளியின் ஓரம் பரப்பில் ஒட்டி நகராமல் நிற்கிறது. அங்கே ஆவியாதல் வேகமாக நடக்கிறது. இழந்த திரவத்தை ஈடுசெய்ய உள்ளிருந்து ஓரத்தை நோக்கி ஓட்டம் எழுகிறது. அந்த ஓட்டம் நிறத்துகள்களைச் சுமந்து சென்று விளிம்பில் குவிக்கிறது. வளையத்தின் மேல் சுத்தமான ஒயிட் ஸ்பிரிட் தோய்ந்த தூரிகையை ஓட்டினால் அது கரைந்து பரவிவிடும். மழைநீர் வழிந்த கோடுகளோ தாமாக வருவதில்லை. உண்மையான டாங்கியில் நீரைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. நம் மாதிரியில் அந்த விசை தோற்றுப்போவதால், ஒவ்வொரு கோட்டையும் தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

சாயம் உரிந்த தோற்றத்துக்குப் பயன்படும் ஹேர் ஸ்பிரே முறை மிகவும் நம்பகமானது. அடிநிறத்தின் மேல் ஹேர் ஸ்பிரேயும் அதன்மேல் அக்ரிலிக்கும் தெளித்து, சிறிது நேரம் கழித்து ஈரத் தூரிகையால் தேய்த்தால், நீர் மேற்படலத்தின் நுண்வெடிப்புகள் வழியே புகுந்து ஹேர் ஸ்பிரேயின் நீரில் கரையும் பாலிமரை ஊறவைக்கும். பிடிமானம் இழந்த சாயம் ஒழுங்கற்ற செதில்களாகப் பெயரும். உப்புத்தூளை ஈரப்பரப்பில் ஒட்டவைத்து, மேலே சாயம் தெளித்து, பிறகு உப்பைத் தட்டிவிடும் முறையும் உண்டு. ஆனால் அது நம் ஊருக்கு ஏற்றதன்று. சோடியம் குளோரைடு ஏறத்தாழ 75 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரப்பதத்தில் காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கோலாலம்பூரின் இரவுக் காற்றில் விட்டுவைத்த மாதிரியில் காலையில் உப்புக்கல்லுக்குப் பதில் உப்புநீர்ப் பொட்டுகளே எஞ்சும்.

உரிந்த இடத்தில் என்ன நிறம் தெரிய வேண்டும் என்பதற்கு வரலாறும் வேதியியலும் பார்க்க வேண்டும். 1943 பிப்ரவரிக்குப் பின் ஜெர்மானிய டாங்கிகளின் அடிநிறமாக அடர்மஞ்சள் வந்தது. அதற்குக் கீழே, இரும்பின் மேல் முதலில் பூசும் செந்நிறப் பிரைமர் இருந்ததால், மேலோட்டமான கீறலில் அந்தச் செம்மைதான் தெரியும், துருவன்று. புதிய துரு ஆரஞ்சாகவும், நாட்பட்டது அடர்பழுப்பாகவும் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் டாங்கியின் சங்கிலிப் பட்டையில் தரையையும் சக்கரத்தையும் உரசும் இடங்கள் மட்டும் வெள்ளியாகத் தேய்ந்து மின்னும்.

சேற்றுக்கு நமக்கு நல்ல ஆசிரியர்கள் சாலையிலேயே கிடைக்கிறார்கள். செம்பனைத் தோட்டத்திலிருந்து குலைகளை ஏற்றிவரும் லோரியை அருகில் நின்று பாருங்கள். சக்கரத்துக்குப் பின்னால் சேறு விசிறிபோல் மேல்நோக்கித் தெறித்திருக்கும். மட்கார்டின் உள்ளே தடித்துக் காய்ந்து வெளிறியிருக்கும். கதவின் படியில் மட்டும் காலணிகள் தேய்த்து இரும்பு மின்னும். அந்தச் செம்மண்ணின் சிவப்பு ஹெமடைட்டாலும், மஞ்சள் கோதைட்டாலும் வருவது. இரண்டும் இரும்பின் கனிமங்கள். கடைகளில் விற்கும் நிறப்பொடிகள் பலவற்றின் அடிப்படையும் இரும்பு ஆக்சைடே. ஆனால் மலாயா என்றதும் டைப் 97 முழுவதையும் செம்மண்ணில் தோய்த்துவிடக் கூடாது. 1942 ஜனவரி 7ஆம் நாள் அதிகாலையில் பேராக்கின் சிலிம் ரிவர் அருகே பிரிட்டிஷ் இந்தியப் படையின் காப்பரண்களை உடைத்துச் சென்ற ஜப்பானிய டாங்கிகள் நெடுஞ்சாலை வழியாகத்தான் விரைந்தன. அந்தக் காட்சிக்கு, கீழ்ப்பகுதியில் மெல்லிய தூசியும் சக்கரங்களின் இடுக்குகளில் சிறிது சிவப்புமே பொருத்தம் என்பது என் கணிப்பு.

நிறப்பொடியைக் கடைசியாக, மங்கல் வார்னிஷுக்குப் பிறகே தூவ வேண்டும். உலர்ந்த பொடி வெளிறித் தெரிவதற்குக் காரணம், துகள்களுக்கிடையே உள்ள காற்று ஒளியை மீண்டும் மீண்டும் சிதறடிப்பதுதான். அதை ஒட்டவைக்கும் பிசினை விட்டதும் காற்றின் இடத்தைத் திரவம் பிடிக்கிறது. ஒளிவிலகல் வேறுபாடு குறைய, சிதறலும் குறைந்து நிறம் கருக்கிறது. ஈரச்சேறு காய்ந்த சேற்றைவிடக் கருமையாக இருப்பதும் இதனால்தான். சேறு ஈரமாகத் தெரிய வேண்டிய இடத்தில் இந்தக் கருமையையே பயன்படுத்திக்கொள்ளலாம். காய்ந்த தூசி வேண்டிய இடத்துக்கு, தேவையானதைவிட ஒரு படி வெளுத்த பொடியைத் தேர்ந்து, பிசினை மிகக் குறைவாகவே விட வேண்டும். முதலில் ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கில் போட்டுப் பார்த்து, முற்றிலும் காய்ந்தபிறகே நிறத்தை முடிவு செய்ய வேண்டும்; மழைநாள் மாலையில் அதற்கு மறுநாள் நண்பகல்வரைகூடக் காத்திருக்க நேரலாம்.