திறந்த உரிமக் கல்வி வளம்: சொல் விளக்கம்

‘ஓப்பன் எஜுகேஷனல் ரிசோர்சஸ்’ என்பதற்கு ‘இலவசக் கல்வி வளங்கள்’ என்று எழுதும் வழக்கம் ஒழிய வேண்டும். ஆசிரியர்களுக்கான கையேடுகளில்கூட அப்படித்தான் போடுகிறார்கள்.

2002இல் பாரிசில் யுனெஸ்கோ கூட்டிய கருத்தரங்கில் பிறந்த பெயர் இது. பதிப்புரிமைக் காலம் முடிந்த பாடப்பொருளும், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், திரும்பப் பகிரலாம் என்று உரிமம் தரப்பட்ட பாடப்பொருளும் இதில் அடங்கும்.

இதில் விலை எங்கே வந்தது? இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும் பயிற்சித்தாள்களுக்குக் குறைவில்லை. பலவற்றின் அடியில் ‘அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’ என்று இருக்கும். அதில் நாலு கணக்கை மாற்றிச் சக ஆசிரியர்களுக்கு அனுப்ப அனுமதி இல்லை. ஆனால் அச்சிட்டு விலைக்கு விற்கும் பாடநூல் திறந்த உரிமத்தில் இருந்தால், அதுவும் இந்த வகைதான். படைப்பைப் பகிர்வோருக்கென்று ஆயத்தமாக எழுதி வைத்திருக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களிலேயே ‘மாற்றியதைப் பகிரக் கூடாது’ என்ற நிபந்தனையோடு சில உண்டு. அந்த உரிமத்தில் வரும் பாடம் இலவசமாகக் கிடைத்தாலும், திருத்தித் தன் வகுப்புக்கு ஏற்றபடி ஆக்கிப் பகிர முடியாது. எனவே இந்தக் கணக்கில் சேராது. ‘இலவசம்’ என்ற சொல் இதையெல்லாம் மறைத்துவிடுகிறது.

கொடுக்கும் ஆசிரியரையும் அது பயமுறுத்துகிறது. இலவசமாகக் கொடுத்தால் தன் உழைப்பின் மேல் உரிமை போய்விடும் என்று தயங்குகிறார். போகாது. பதிப்புரிமை அவரிடமேதான் இருக்கும். என்னென்ன செய்யலாம் என்று முன்கூட்டியே அனுமதி தருகிறார், அவ்வளவுதான். தன் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்றும் கேட்கலாம்.

சரி, ‘கட்டற்ற’ என்றால்? விக்கிப்பீடியா ‘கட்டற்ற கலைக்களஞ்சியம்’ என்று பரப்பிய அழகான சொல். ஆனால் நிபந்தனையே கிடையாது என்று காதில் விழுகிறது. ஆக்கியவர் பெயரைக் குறிப்பிடுவதும், மாற்றியதை அதே உரிமத்தில் பகிர்வதும் சில உரிமங்களில் வரும் நிபந்தனைகள்தானே? வெறும் ‘திறந்த’ என்பதும் போதாது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் திறந்திருப்பது சேர்க்கை. இங்கே திறந்திருப்பது உரிமம். அதனால் ‘திறந்த உரிமக் கல்வி வளம்’ என்பதே என் தேர்வு. கொஞ்சம் நீளம்தான், ஆனால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் புரட்டுமுன் அந்த உரிமத்தை ஒரு தடவை படித்தால் பாதிக் குழப்பம் தீரும். பதிப்புரிமையையும் ‘காப்புரிமை’, கண்டுபிடிப்புக்குத் தரும் உரிமையையும் ‘காப்புரிமை’ என்று எழுதிக்கொண்டிருந்தால், தன் பாடக்குறிப்பைப் பகிர நினைக்கும் ஆசிரியர் எதைப் பார்த்து உரிமம் தேர்ந்தெடுப்பார்?