ஒரு லிட்டர் பெயிண்ட் எத்தனை சதுர அடிக்கு வரும்?

போன தடவை படுக்கையறைக்குப் பெயிண்டர் சீட்டில் எழுதிக் கொடுத்த 10 லிட்டரை அப்படியே வாங்கிப் போட்டேன். வேலை முடிந்தபோது பாதிக்கு மேல் மிச்சம். மாடிப்படிக்கு அடியில் கிடந்து ஆடை கட்டி ரப்பராகிப் போனது. அதற்கு முந்தைய தடவை நேர் எதிர். கடைசிச் சுவரில் முக்கால்வாசி முடிந்திருக்கும்போது டின் காலி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடை பூட்டியாச்சு, மறுநாள் அதே நம்பரைச் சொல்லி வாங்கி வந்த பெயிண்ட் ஒரு சாயல் மாறி, அடுத்த பெயிண்ட் அடிக்கும் வரைக்கும் காலை வெயிலில் அந்தக் கோடு கண்ணைக் குத்திக்கொண்டே இருந்தது.

இந்தத் தடவை டேப்பை எடுத்து நானே அளந்தேன். 12க்கு 10 அறை, உயரம் 10 அடி. நான்கு சுவரும் சேர்த்துச் சுற்றளவு 44 அடி, உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. கதவுக்கு 21, இரண்டு ஜன்னலுக்கு 32 கழித்தால் 387. சீலிங் 120, அது வெள்ளை, தனி டின்.

தரைப் பரப்பை மூன்றரையால் பெருக்கினால் சுவரும் சீலிங்கும் சேர்ந்த பரப்பு வந்துவிடும் என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு. பெரிய ஹாலுக்குச் சரிதான்: 20க்கு 15 ஹாலில் தரை 300, சுவரும் சீலிங்கும் 1000, கிட்டத்தட்ட 3.3 மடங்கு. ஆனால் 7க்கு 5 சின்ன அறையில் தரை 35 சதுர அடிதான், சுவரும் சீலிங்கும் 275, ஏறக்குறைய 8 மடங்கு! அறை சின்னதாக ஆக ஆகத் தரை குறைகிற வேகத்தில் சுவர் குறைவதில்லை. பெயிண்ட் போவது சுவருக்கு, அதனால் சுற்றளவை அளப்பதுதான் நியாயம்.

பரப்பளவு வரைக்கும் பள்ளிக்கூடக் கணக்குதான். சிக்கலெல்லாம் அதை எதால் வகுப்பது என்பதில். நல்ல எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கிற சுவர்ப் பெயிண்ட்) என்றால் மழமழப்பான சுவரில், இரண்டு கோட்டிங்குக்கு, லிட்டருக்கு 120 முதல் 150 சதுர அடி வரை வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கேட்டால் பரப்பளவு மாதிரி இருக்கிறது, உண்மையில் அது ஒரு தடிமன். ஒரு லிட்டரை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் சரியாக 1 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். 130 சதுர அடி என்பது சுமார் 12 சதுர மீட்டர், ஆக 1 மில்லிமீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 83 மைக்ரான். அதுவும் ஈரத்தில். எமல்ஷனில் பாதிக்கு மேல் தண்ணீர். அது ஆவியாகிப் போனபின் சுவரில் தங்குவது சுமார் 30 மைக்ரான்தான், இரண்டு கோட்டிங்கும் சேர்த்து. தலைமுடியின் பருமனில் பாதி! அவ்வளவு மெல்லிசான தோலைத்தான் பழைய சுவரின் கறையையெல்லாம் மறைக்கச் சொல்கிறோம்.

எப்படி மறைக்கிறது? வெள்ளையடித்த காலம் நினைவிருப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்: சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது பழைய அழுக்கு அப்படியே தெரியும், பொழுது சாய்வதற்குள் காய்ந்து பளிச்சென்று வெளுத்துவிடும். ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் போகும்போது, இரண்டின் ஒளிவிலகல் எண்ணுக்கும் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதற்கான அளவு) வித்தியாசம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சிதறும். சுண்ணாம்புத் துகளுக்கு 1.6 சொச்சம், சுற்றியிருக்கும் தண்ணீருக்கு 1.33, பெரிய வித்தியாசமில்லை, ஒளி உள்ளே புகுந்து அழுக்கைத் தொட்டுவிட்டு வரும். காய்ந்ததும் அந்த இடத்தில் காற்று, அதன் எண் 1, வித்தியாசம் பெரிது, ஒளி அழுக்கைத் தொடுவதற்குள் சிதறித் திரும்பிவிடும். பெயிண்டில் இடைவெளியைப் பிசின் அடைத்துக்கொள்கிறது, அதன் எண் 1.5, ஆகவே சுண்ணாம்புத் தூள் அங்கே எடுபடாது. 2.7 உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு வேண்டும். டின்னில் விலை கூடிய சரக்கு அதுதான். அடர் மஞ்சள், சிவப்பு வேண்டுமென்றால் இந்த வெள்ளையைக் குறைத்தால்தான் நிறம் எடுக்கும், அதனால் மறைக்கும் சக்தியும் போய்விடும். இந்த நிறங்களுக்கு மூன்றாவது கோட்டிங் கேட்டால் பெயிண்டரைத் திட்டாதீர்கள், கணக்கிலேயே ஒன்றரை மடங்காகப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் சுவர் குடிக்கிற குடி. பட்டி பார்த்து உப்புத்தாள் போட்ட சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். திரி எண்ணெயை இழுப்பது மாதிரி பெயிண்டின் தண்ணீரையும் பிசினையும் இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், சட்டென்று உள்ளே போய்விட்டால் அது குடிகாரச் சுவர். ப்ரைமர் இந்தத் துளைகளை அடைப்பதற்கு. அதை மிச்சம் பிடிப்பவர்கள் அதைவிட விலை கூடிய எமல்ஷனை ஊற்றி அதே துளைகளை அடைக்கிறார்கள், வேறொன்றுமில்லை. சொரசொரப்பான பூச்சுச் சுவர் என்றால் லிட்டருக்கு 90 சதுர அடி வந்தாலே பெரிது.

தண்ணீர் கூடுதலாகக் கலந்து சமாளிக்கலாமே என்று தோன்றும். கலந்தால் நிறைய இடத்துக்கு வருகிற மாதிரிதான் தெரியும், ஆனால் தண்ணீர் போனதும் தோல் இன்னும் மெலிந்து பழைய நிறம் எட்டிப் பார்க்கும். டின்னில் போட்டிருக்கிற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

என் அறையில் ஏற்கெனவே வெளிர் நிறம், மழமழப்பான சுவர். 387ஐ 130ஆல் வகுத்தால் 3 லிட்டர். கதவு ஜன்னலைக் கழிக்காமல் 440 என்றே போட்டிருந்தாலும் 3.4தான், எப்படியும் 4 லிட்டர் டின்தான் வாங்கப் போகிறோம், ஜன்னலை அங்குலம் அங்குலமாக அளந்தது வீண். அதே அறை சொரசொரப்பாக இருந்தால் 4.3 லிட்டர், ஒரு டின் பத்தாது. இரண்டு டின் வாங்க வேண்டியிருந்தால் இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிட்டு ஆரம்பியுங்கள். சாயல் மாறியிருந்தாலும் எல்லாச் சுவரிலும் ஒரே மாதிரி மாறியிருக்கும்.

கடைசியில் முக்கால் லிட்டர் மிஞ்சியது. காற்றுக்கு இடமில்லாமல் சின்ன பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி, மார்க்கரில் கலர் நம்பரை எழுதிப் பரணில் வைத்தேன். போன வாரம் கட்டிலை நகர்த்தும்போது சுவரில் உரசிவிட்டது, அதை மறைக்க ஒரு மூடி அளவு போதுமாக இருந்தது.