'பால் பத்தலை': பேறுக்கு முன்பே பேச வேண்டியது

குமரி மாவட்டத்தில், தக்கலையோ குளச்சலோ, தலைப்பிரசவம் என்றால் பெரும்பாலும் தாய்வீடுதான். அங்கே பால் பத்துமா பத்தாதா என்று தீர்ப்புச் சொல்வது அம்மாவும் பாட்டியும். அதனால் ஏழாம் மாதப் பரிசோதனையின்போதே கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணியோடு அவர் அம்மாவையும் உட்காரவைத்துப் பேசுவது நல்லது.

முதலில் சொல்ல வேண்டியது அளவு. முதலில் வரும் பாலான சீம்பால் கர்ப்பத்திலேயே உருவாகிவிடும். நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்ட்டிரோன் என்ற ஹார்மோன் சரிந்து, 2 முதல் 4 நாளில் பால் பெருகும். முதல் நாள் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பது 2 முதல் 10 மில்லிதான். சொட்டுச் சொட்டாக வருவதைப் பார்த்துப் பயந்துதான் தேனும் சர்க்கரைத் தண்ணீரும் உள்ளே வருகின்றன. ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது.

குழந்தை சப்பச் சப்ப புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறி பால் சுரக்கும். ஆக்சிடோசின் என்ற இன்னொரு ஹார்மோன் அதை வெளியே தள்ளும். பலரும் விட்டுவிடும் விஷயம் இன்னொன்று: மார்பில் பால் தேங்கினால் சுரப்பு தானாகவே குறையும். சாயங்காலம் குழந்தை விடாமல் அழுகிறது, 'பத்தலை' என்று ஒரு பாட்டில் பால்பொடி. வயிறு நிறைந்து அது தூங்கும் நேரத்தில் மார்பு கட்டிக்கொள்ளும். மறுநாள் சுரப்பு குறையும், இன்னொரு பாட்டில். சில நாளில் பால் நிஜமாகவே பத்தாது.

பிடிக்கும் முறையை பொம்மை வைத்தே பழக்கலாம். குழந்தையின் காது, தோள், இடுப்பு ஒரே கோட்டில். மூக்கு காம்புக்கு நேராக. வாயை அகலத் திறந்ததும் தாடை முதலில் பட அணைக்க வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் வெடிப்பும் வலியும் வரும். வாயோரம் விரல் நுழைத்து எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். சிசேரியன் ஆனாலும் முடிந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கலாம். பிறகு நாளுக்கு 8 முதல் 12 முறை.

வெயிலுக்குத் தண்ணீர் வேண்டாமா? தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீரே. 6 மாதம்வரை மருத்துவர் தரும் சொட்டுமருந்து தவிர வேறொன்றும் தேவையில்லை. தாய்க்குத்தான் தினம் 600 கலோரி கூடுதலாக வேண்டும். மீனை நிறுத்தி ரசச்சோறு போடும் பத்தியம் வீண்.

அழுகையை வைத்துப் பாலை அளக்க முடியாது. 5ஆம் நாளிலிருந்து தினம் 6 முறையாவது வெளிர்நிற மூத்திரம் போக வேண்டும். பிறந்த எடை 7 சதவீதம்வரை குறைவது வழக்கம். இரண்டு வாரத்தில் மீள வேண்டும். 10 சதவீதம் குறைந்தாலோ, பாலுக்கே எழாமல் சோர்ந்து கிடந்தாலோ அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்ட வேண்டும். கூடுதலாகக் கொடுக்கச் சொன்னால் முதலில் பீய்ச்சிய தாய்ப்பால், அதுவும் பாட்டிலில் இல்லை, பாலாடை என்னும் மூக்குவைத்த சிறு கிண்ணத்தில்.